விரலிடை நோக்கு: மாயாஜாலப் படங்களும் மழலையரும் – ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கோடை விடுமுறை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். தொலைக்காட்சியில் ஒரு பூதம் புகையாகக் கிளம்புகிறது. உடனே வீட்டில் ஒரு வினாவும் கிளம்புகிறது: "இதைக் குழந்தை பார்க்கலாமா?" பாட்டி பார்க்கலாம் என்பார். அம்மா, "ராத்திரி அலறினா நீங்களா எழுந்திருப்பீங்க?" என்பார். அப்பா கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல் "ம்" என்பார். அந்த "ம்" உடன்பாடா மறுப்பா என்பது தனி ஆய்வுக்குரியது; விரிவஞ்சி விடுக்கப்படுகிறது.

பிள்ளைத்தமிழ் இலக்கணம் குழந்தைக்குப் பத்துப் பருவங்களை வகுத்துள்ளது. செங்கீரை ஆடலாம், சப்பாணி கொட்டலாம், அம்புலியை அழைக்கலாம்; சினிமா பார்க்கும் பருவம் மட்டும் அதில் இல்லை. அக்குறையை இச்சிற்றாய்வு தன்னால் இயன்ற அளவு நிறைவு செய்கிறது. வாய் நிறையப் பேசத் தெரிந்தும், இரவில் கொல்லைப்புறத்துக்குத் தனியே போக மறுக்கும் வயதினரே இதன் எல்லை.

2. கோட்பாட்டுப் பின்புலம்

ஆய்வேடு என்றால் தொல்காப்பியம் இருந்தாக வேண்டும். நல்வாய்ப்பாக, இங்கே அது பொருந்தவும் செய்கிறது. மருட்கை, அதாவது வியப்பு, நான்கின் வழியாகப் பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். நகரத்து நடுவில் ஜாவர் சீதாராமன் பூதமாக வந்து நிற்கும் 'பட்டணத்தில் பூதம்' (1967) புதுமைக்குச் சான்று. பெருமைக்குக் கடோத்கஜன். ஓர் ஈ ஆளையே பழிவாங்கும் 'நான் ஈ' (2012) சிறுமைக்கு. ஒன்று இன்னொன்றாக மாறும் ஆக்கத்துக்கு, 'மாயா பஜார்' (1957) படத்தில் சாவித்திரியின் உருவெடுத்துக் கடோத்கஜன் உலவும் காட்சிகள். தொல்காப்பியர் திரைக்கதை விவாதத்தில் உட்கார்ந்திருந்தால் தயாரிப்பாளர்களுக்கு எவ்வளவோ செலவு மிஞ்சியிருக்கும்.

அச்சத்துக்கும் அவர் நான்கே சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. முதல் மூன்றும் எல்லா மாயாஜாலப் படங்களிலும் உண்டு. பெற்றோர் கவலைப்படுவதும் அவற்றுக்காகவே. நான்காவதான இறை, தன்னை ஆளும் தலைவன். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆய்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

3. முதன்மைச் சான்று: எஸ்.வி. ரங்கா ராவ்

ஒரே ஆள், ஒரே பருத்த உடம்பு, ஒரே முரட்டுக் குரல், மூன்று படங்கள். 'பாதாள பைரவி' (1951) படத்தில் கதாநாயகனைப் பலி கொடுக்கத் தேடும் நேபாள மந்திரவாதி. 'மாயா பஜாரில்' கடோத்கஜன். ஏவி.எம். நிறுவனம் 1967இல் தெலுங்கில் எடுத்து, பின் தமிழிலும் பேசிய 'பக்த பிரகலாதா' படத்தில் இரணியன்.

மந்திரவாதியைக் கண்டால் குழந்தை பாட்டியின் முந்தானைக்குள் போகும். அரக்கனாகவே வரும் கடோத்கஜனைக் கண்டால் திரைக்கு அருகே நகரும். கல்யாண விருந்து முழுவதையும் அவன் ஒற்றையாளாகத் தின்று தீர்ப்பதும், லட்டுகள் வரிசையாகப் பறந்து அவன் வாய்க்குள் போவதும் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் தந்திரக் காட்சிகள். இதைப் பார்க்கும் எந்தக் குழந்தையும் பயந்து அழுததை இவ்வாய்வாளர் கண்டதில்லை. "அப்போ மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சாப்பிடுவாங்க?" என்ற பொருளாதார வினா எழுந்ததுண்டு. ஆக, அச்சம் கொம்பிலும் கோரைப்பல்லிலும் இல்லை.

இனி இரணியன். பெற்ற மகனை யானைக் காலில் இடுகிறான், பாம்புக்குத் தருகிறான், மலையிலிருந்து உருட்டுகிறான், நஞ்சு கொடுக்கிறான். பூதப் படம் என்றால் தொலைக்காட்சியை அணைக்கும் குடும்பம், இதற்கு மட்டும், "சாமி படம், நல்லாப் பாரு" என்று குழந்தையை முன்வரிசையில் உட்கார்த்துகிறது. தொல்காப்பியரின் நான்காவது காரணமான இறை இங்கே சாமி கும்பிடும் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

4. களப்பணி

களம்: ஆய்வாளரின் அக்கா வீட்டுக் கூடம். ஆய்வுப்பொருள்: அக்கா மகள். படம்: 1995இல் தெலுங்கில் வெளிவந்து, 'அம்மன்' என்ற பெயரில் தமிழ் பேசி, ஒரு தலைமுறையையே போர்வைக்குள் தள்ளியது.

கருவி: குழந்தையின் விரல்கள். மந்திரவாதி திரையில் தோன்றியதும் இரு கைகளும் முகத்தை மூடும். சற்று நேரத்தில் நடுவிரலும் மோதிரவிரலும் பிரிந்து, தச்சர் கணக்கில் ஒரு நூல் இடைவெளி விடும். அதன் வழியே ஒரு கண் வேலை செய்யும். இதற்கு 'விரலிடை நோக்கு' எனப் பெயரிடுகிறோம். இடைவெளி அறவே அடைபட்டால் அச்சம். நூலளவு திறந்தால் மருட்கையும் அச்சமும் கலந்த நிலை. காசு கொடுத்துப் பார்ப்பது இதற்காகவே. கை முழுதாகக் கீழிறங்கினால் சலிப்பு. அடுத்து முறுக்கு கேட்கப்படும்.

எதிர்பாராத முடிவு ஒன்று கிடைத்தது. மந்திரவாதி கொக்கரித்தபோதெல்லாம் நூலளவு திறந்திருந்த விரல்கள், பால் பொங்குகிறதென்று அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனபோது இறுக மூடிக்கொண்டன. அப்போது திரையில் ஓடியது சோப்பு விளம்பரம். அன்றிரவு வந்த கேள்வியும் பேயைப் பற்றியதல்ல, படத்தின் நாயகியைப் பற்றியது: "மாமா, அந்த அக்காவுக்கு அவங்க வீட்டுக்காரங்களே ஏன் கெடுதல் பண்றாங்க?" அணங்கை அவள் கடந்துவிட்டாள். காக்க வேண்டியவர் காக்காமல் போவதுதான் இடித்தது.

5. சட்டம் என்ன சொல்கிறது?

யு, ஏ என இரண்டாக இருந்த தணிக்கைச் சான்றிதழோடு 1983இல் யு/ஏ, எஸ் இரண்டும் சேர்ந்தன. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என மூன்றாக்கியது. சாரம் ஒன்றே: பெற்றோரே பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் தணிக்கையாளரும் 1938இல் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்துக்கு 'ஏ' வழங்கி, சிறுவர் பெரியவரோடுதான் வரவேண்டும் என்றனர். பொறுப்பு எங்கும் பெற்றோர் மடிக்கே வந்து சேர்கிறது.

மடியும் எப்போதும் சரியான திசையில் கவலைப்படுவதில்லை. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984, மலையாளம்) படத்தில் குட்டிச்சாத்தான் மது அருந்துகிறது. பெரியவர்களைக் கலக்கியது அதுவல்ல. அந்தப் படத்துக்கான முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டினால் 'மெட்ராஸ் ஐ' ஒட்டிக்கொள்ளும் என்ற வதந்தி. கண்ணாடிகள் ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் தூய்மை செய்யப்படுகின்றன என்று நடிகர்களே திரையில் தோன்றி விளக்க வேண்டியதாயிற்று.

6. முடிவு

மாயாஜாலப் படம் குழந்தைக்கு உகந்தது, இன்பமும் தருவது. பூதத்துக்கு வயது வரம்பு தேவையில்லை. குடும்பத்தாரே கொடுமை செய்யும் கதைக்குத் தேவை, அது சாமி படமாக இருப்பினும். தணிக்கை வாரியம் இனிச் சோதிக்க வேண்டியது படச்சுருளை அல்ல, பக்கத்தில் உட்காரப் போகும் பெரியவரை. இடைவேளைக்கு முன் தூங்குபவர், கைப்பேசி பார்ப்பவர், கேள்வி கேட்டால் "சும்மா பாரு" என்பவர் ஆகிய மூவருக்கும், குழந்தையோடு மாயாஜாலப் படம் பார்க்க அனுமதி மறுக்கப்பட வேண்டும் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.