‘போன தடவை மாதிரியே’: ஒரு தொடரின் இலக்கணமும் பொருளியலும்

திருப்பூரில் ஒரு டீ-ஷர்ட் ஒரே கூரைக்கு அடியில் பிறந்து வளர்வது அபூர்வம். நிட்டிங்கில் துணியாகும், சாயப்பட்டறைக்குப் போகும், காம்பாக்டிங் ஏறும், கட்டிங் முடிந்து பிரிண்டிங்குக்கும், அங்கிருந்து வேறொரு சந்துக்குள் தையலுக்கும் நடக்கும். சின்ன முதலாளிகள் இதில் பெரும்பாலானதை ஜாப் ஒர்க்குக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு டெலிவரி சலான் உண்டு. சலானுக்கு முன்னால் ஒரு போன் கால் உண்டு. சலானைச் சட்டம் கவனித்துக்கொள்ளும். போன் காலைக் கவனிப்பது இவ்வாய்வின் நோக்கம்.

முதன்மைத் தரவு வருமாறு:

“அண்ணா, போன தடவை மாதிரியே அடிச்சுக் குடுத்துருங்க.”

“அதுக்கென்னங்க, பண்ணீரலாம்ங்க.”

தரவு முடிந்தது. இந்த ஆர்டரைப் பற்றி இருவரும் இதற்குமேல் பேசுவதில்லை.

முதலில் ‘போன தடவை’. சொன்னவருக்கு அது ஆனி மாதம் தான் கொடுத்த வெள்ளை ரவுண்ட் நெக். கேட்டவருக்கு அது நேற்று ராத்திரி வேறு யாருக்கோ தைத்து அனுப்பிய பாட்டில் பச்சை. அடுத்து ‘மாதிரியே’ என்பதன் ஏகாரம். தொல்காப்பியர் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் சொல்கிறார். முதலாளி தேற்றமாகச் சொல்கிறார். மறுமுனையில் அது ஈற்றசையாகப் போய்ச் சேர்கிறது. திருப்பூரில் திரும்பிவரும் ரிஜெக்‌ஷனில் பாதி இந்த ஒற்றை எழுத்தால் வருவது என்பது இவ்வாய்வாளரின் கருதுகோள். நிரூபிக்க உத்தேசமில்லை.

ஆனால் கோளாறின் வேர் ‘மாதிரி’யில்தான் இருக்கிறது. தமிழில் அது ‘போல’ என்றும் பொருள்படும், ‘சாம்பிள்’ என்றும் பொருள்படும். இரண்டாவதைக் கையில் கொடுக்க வேண்டிய இடத்தில் முதலாவதை வாயால் சொல்லிவிட்டு வருகிறோம். மாதிரி கொடுக்காமல் ‘மாதிரி’ சொன்னால், வந்து சேர்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

இனிப் பொருளியல். எல்லாவற்றையும் சந்தையில் விலை கொடுத்து வாங்க முடியும்போது கம்பெனி என்ற ஒன்று எதற்கு என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937-இல் கேட்டார். ஆள் தேடுவது, பேரம் பேசுவது, ஒப்பந்தம் போடுவது எல்லாவற்றுக்கும் ஒரு செலவு இருக்கிறது என்பது அவர் கண்ட விடை. 1991-இல் நோபல் கொடுத்தார்கள். நம் முதலாளியும் அந்தச் செலவை ஒழித்துவிட்டதாக நினைக்கிறார்: பேரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஒரே ஒரு போன். சட்டம் அப்படி நினைக்கவில்லை. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குப் பணம் தர, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாள் வரை தவணை பேசிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் 15 நாள்தான். நாள் தவறினால், பணம் கொடுக்கும்வரை அதை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. ஒரு தாளும் பேனாவும் மிச்சம் பிடித்ததில் 30 நாள் கடன் போகிறது. ஜிஎஸ்டி மட்டும் தாராளம்: வேலைக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பினால் போதும். ‘நாளைக்குக் கண்டிப்பா’ என்பதன் உண்மையான நீளத்தை அறிந்த யாரோ எழுதிய விதி.

வந்த துணி ‘போன தடவை மாதிரியே’தானா என்று அளக்கக் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. ஜிஎஸ்எம் கட்டர் என்று கைக்கடக்கமான ஒரு வட்டக் கத்தி. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் கழன்று வரும். தராசில் 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். அரை நிமிட வேலை. நம்மவர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்து, கண்ணை மூடி, “கனம் சரியா இருக்கு” என்பார். நிறத்துக்கும் இதே முறைதான். கையை ஒரு லாட்டிலும் உடம்பை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்த சட்டை டியூப் லைட்டில் ஒரே நிறமாகத் தெரியும். வெயிலில் போட்டால் கை தனி, உடம்பு தனி.

பீஸுக்கு எட்டணா குறைவு என்று ஆள் மாற்றுவோர், மச்சான் யூனிட்டுக்கே வேலை கொடுத்துவிட்டுப் பொங்கல்வரை கேள்வி கேட்க முடியாமல் தவிப்போர் ஆகியோரைத் தனி ஆய்வுக்கு ஒதுக்கி வைக்கிறேன். இரண்டாம் வகைக்கு ஆய்வேட்டை யார் கையில் கொடுப்பது என்பதும் ஒரு சிக்கல்.

கள ஆய்வு இவ்வாய்வாளரின் சொந்தச் செலவில் நடந்தது. 2024-இல் ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்கு 240 டீ-ஷர்ட் ஆர்டர் எடுத்தேன். முந்தைய ஆண்டும் அதே பள்ளி, அதே பிரிண்டிங் பட்டறை. மேற்படி தொடரைப் போனில் சொன்னேன். பட்டறைக்காரர் மிக நாணயமானவர். போன வருஷ ஸ்கிரீன் பிரேமைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். சொன்ன நாளில், சொன்ன ரேட்டில், மை பிசிறாமல், 240 முதுகிலும் ‘விளையாட்டு விழா 2023’ வந்து இறங்கியது.

“நீங்க சொன்ன மாதிரியேதானுங்க போட்டுருக்குது” என்றார். ஏகாரத்தைத் தேற்றமாகப் புரிந்துகொண்ட ஒரே ஜாப் ஒர்க்குக்காரர்.

240 பீஸும் பரணில் அப்படியே இருக்கின்றன. சைஸ் 28 முதல் 36 வரை, சுத்தமான காட்டன். 2023-ஆம் ஆண்டு விளையாட்டு விழாவை இன்னும் நடத்தாத பள்ளிகள் ஏதும் இருந்தால் சொல்லுங்கள், ரேட் பேசிக்கொள்ளலாம்.