ஸ்கேன் சித்தப்பா

மதுரையில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் ஒரு ஸ்கேன் சித்தப்பா இருப்பார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராகவோ ரேஷன் கடையில் எடை போட்டவராகவோ இருப்பார். மருத்துவத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு, எப்போதோ மூட்டுவலிக்குப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. ஆனால் காப்பீட்டு அட்டையை எந்த ஸ்கேன் சென்டரில் எடுத்துக்கொள்வார்கள் என்ற ஒரு கேள்விக்குத் தெருவே அவர் வீட்டுத் திண்ணையில்தான் வந்து நிற்கும்.

கேள்வி என்னவோ சின்னதுதான். டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்லிச் சீட்டு எழுதிவிட்டார். வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று பேருந்தில்கூட எழுதியிருக்கிறார்களே என்ற தைரியத்தில் சென்டருக்குப் போன் போடுவோம்.

"கார்டு எடுப்பீங்களாம்மா?"

"எடுப்போம் சார். டெபிட்டா, கிரெடிட்டா?"

"காப்பீட்டு கார்டும்மா."

"லைன்லயே இருங்க சார், கேட்டுச் சொல்றேன்."

அதற்குமேல் பாட்டு மட்டும்தான் கேட்கும். பாட்டும் நின்ற பிறகு சித்தப்பா வீட்டுக்குச் செருப்பை மாட்டுவோம்.

அவர் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். முதலில் குறுக்கு விசாரணை. "யாருக்குப்பா, உனக்கா, அம்மாவுக்கா? ரேஷன் கார்டுல இருக்கிற பேருதான அட்டையிலயும் இருக்கு? சீட்டு எழுதினது பெரியாஸ்பத்திரியா, பிரைவேட்டா? பெட்டுல சேத்துருக்கா, சும்மா ஓ.பி.யா?" கடைசிக் கேள்வியில் முக்கால்வாசிப் பேர் வாயடைத்துப்போவார்கள். படுக்கையில் சேர்த்து வைத்தியம் பார்த்தால் ஸ்கேன் செலவும் அந்தக் கணக்கிலேயே ஏறிவிடும். ஸ்கேன் மட்டும் எடுக்க வேண்டுமென்றால், திட்டத்தில் தனியாகப் போட்டிருக்கும் பரிசோதனைப் பட்டியலில் அந்த ஸ்கேன் இருக்க வேண்டும். எடுக்கும் இடமும் அதற்கென்று அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். "ஆஸ்பத்திரி பேரு லிஸ்டுல இருந்தா ஆச்சா? எலும்புக்கு மட்டும் சேந்துருப்பான். நீ மூளைய எடுத்துக்கிட்டுப் போனா அவன் என்னப்பா செய்வான்?"

அட்டையை யார் எந்தப் பெயரில் கேட்கிறார்கள் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார். 'கலைஞர் காப்பீடு' என்றால் 2009-லிருந்து பத்திரமாக வைத்திருக்கும் குடும்பம். 'அம்மா காப்பீடு' என்றால் 2012-க்குப் பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று போட்டோ எடுத்தவர்கள். 'மோடி கார்டு' என்றால் 2018-ல் மத்திய அரசின் திட்டத்தையும் இதோடு இணைத்த செய்தியைப் படித்தவர்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொல்வார். குரல் மட்டும் ஆளுக்கு ஏற்ப மாறும். தெருவில் எல்லாக் கட்சிக்காரனுக்கும் முதுகு வலிக்கிறதே.

அவரிடம் ஒரு துணிப்பை உண்டு. அதில் யார் யாருடைய ஜெராக்ஸோ இருக்கும். வருமானச் சான்றிதழில் ஒரு பிரதி போதும் என்று நாம் சொன்னால் சிரிப்பார். ஸ்கேனுக்குக் காப்பீட்டில் வாங்க வேண்டிய முன் அனுமதியை அவர் 'அப்ரூவல்' என்றுதான் சொல்வார். அதையும் மகளுக்கு வரன் அமைந்த தகப்பன் மாதிரி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொல்வார்.

எந்த சென்டரில் எந்த வாட்ச்மேன், கவுண்டரில் எந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொல்லும், அந்தப் பெண் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. தெரியாதது ஒன்றுதான்: ரேடியாலஜிஸ்ட். படத்தைப் படித்து அறிக்கை எழுதும் அந்த டாக்டரை அவர் கண்ணால் கண்டதில்லை. பல இடங்களில் படம் இங்கே எடுக்கிறார்கள். கணினி வழியாக வேறு ஊரில் இருப்பவர் படித்து அனுப்புகிறார். இதைச் சொன்னால் சித்தப்பாவுக்கு ஆறுதல். "அப்ப நான் படிச்சாத்தான் என்ன?" என்று ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பார். முடிவு எப்போதும் ஒன்றே: "எல் 4, எல் 5-ல லேசா அமுக்குது." மாடிவீட்டு அக்கா கொண்டுவந்த முழங்கால் படத்துக்கும் இதையேதான் சொன்னார்.

எந்த வழியும் சரிப்படாதபோது, சுவாரசியமே இல்லாத குரலில் கடைசித் தகவல் வரும். "பெரியாஸ்பத்திரியில மருத்துவப் பணிகள் கழகத்து ஸ்கேன் இருக்கு. சி.டி. 500 ரூபா, எம்.ஆர்.ஐ. 2,500. நேராப் போயி எடுத்துக்க." இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லியிருந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை?

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் கேட்டான். "சித்தப்பா, எல்லா சென்டர்லயும் கருவுல இருக்கிறது ஆணா பெண்ணான்னு சொல்ல மாட்டோம்னு பெரிசா போர்டு வச்சுருக்காங்க. காப்பீட்டு அட்டைக்கு இன்னின்ன ஸ்கேன் எடுப்போம்னு ஒரு போர்டு வைக்கக் கூடாதா?"

சித்தப்பா திடுக்கிட்டுப்போனார். "அது சட்டம்ப்பா, 1994-ல போட்டது. சொல்ல மாட்டோம்ங்கிறதுக்குத்தான் போர்டு. சொல்றதுக்கெல்லாம் எதுக்கு போர்டு, நான் இருக்கேன்ல?"

அன்று சாயங்காலம் முழுக்க அவருக்கு மனசு சரியில்லை. மறுநாள் காலையில் ஒரு சென்டருக்குத் தானே போன் போட்டுப் பார்த்தார். "டெபிட்டா, கிரெடிட்டா?" என்று கேட்டார்களாம். அதன் பிறகுதான் காபி குடித்தார்.