ஒற்றியூர் எல்லை தாண்டினால் லைட் அவுட்

தமிழ்நாட்டில் நெடுந்தூரப் பயணத்தில் முதன்முதலாக லைட் போனவர் சுந்தரமூர்த்தி நாயனார்தான். திருவாரூரில் பரவையார் வீட்டில் காத்திருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்டிக்கொண்டார். "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சத்தியம் வேறு. அதிலும் ஒரு தில்லுமுல்லு. நான் சன்னதியில் சத்தியம் பண்ணும்போது நீர் மகிழமரத்துக்கு மாறிக்கொள்ளும் என்று சிவபெருமானிடமே பேசி வைத்திருந்தார். சிவபெருமான் ஒரு படி மேலே போய், சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கிக்கொள் என்று பெண் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டார். வசந்தம் வந்தது, ஆரூர்த் திருவிழா நினைப்பும் வந்தது, மனுஷன் கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் அவுட்.

வடதிருமுல்லைவாயில் போய்ப் பாடினார், சரியாகவில்லை. திருவெண்பாக்கத்தில், "உள்ளே இருக்கிறீரா?" என்று கேட்டதற்கு, இருக்கிறோம், நீர் போகலாம் என்று பதில் வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோல். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஷாப்பில்கூட இதைவிட மரியாதையாகப் பேசுவார்கள். காஞ்சிபுரத்தில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று தவணை முறையில்தான் வெளிச்சம் திரும்பியது.

எங்கள் திருவேற்காட்டுக்குப் பக்கத்து ஊரான குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டிலேயே இதை விலாவாரியாக எழுதி வைத்துவிட்டார். யார் படித்தார்கள்? 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து புல்லட் செய்யக் கிளம்பி, பிடித்த இடம் அதே திருவொற்றியூர்.

புது வண்டி வாங்கினால் இந்தப் பக்கத்துக்காரர்கள் நேராக வருவது திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு. மாலை, சந்தனம், குங்குமம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம். பூசாரி சக்கரத்தைக் கவனித்தார், ஹேண்டில்பாரைக் கவனித்தார். ஹெட்லைட் கூட்டைத் திறந்து பார்க்க அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய புல்லட்டின் விதி இருந்தது அங்கேதான். வண்டியின் முக்கால்வாசி ஒயர் அந்தக் கூட்டுக்குள் வந்து சேரும். ஆரம்பத்தில் கலர் கலராக இருந்திருக்கும், பத்து வருஷத்தில் எல்லாம் ஒரே அழுக்கு நிறம். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கழுத்தில் உரசும். பெங்களூருக்குக் கிளம்பினால் ஒற்றை சிலிண்டர் குலுக்கலில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் ஒரு கனெக்டர் தளரும். வாலாஜா வரும்போது பிரேக் பிடித்தால் இன்டிகேட்டர் மினுக்கும்.

போதாக்குறைக்கு 6 வோல்ட். 30 வாட் பல்பு எரிய 5 ஆம்பியர் ஓட வேண்டும். துருப்பிடித்த ஒரு இணைப்பு 0.1 ஓம் தடுத்தால் அரை வோல்ட் அங்கேயே சூடாகி வீணாகும். பல்புக்குப் போய்ச் சேருவது ஐந்தரை. வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கும் என்பதால் கால்வாசி வெளிச்சம் காலி. அதே 30 வாட்டுக்கு 12 வோல்ட் பல்பு இருந்தால் நஷ்டம் கால் வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது.

பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் இதற்கெல்லாம் பழி போட ஓர் ஆளை வைத்திருந்தார்கள்: அந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்த கம்பெனியைத் தொடங்கிய பர்மிங்காம் ஜோசப் லூகாஸ். இருட்டின் இளவரசர் என்றே அவருக்குப் பட்டம். கனவான்கள் இருட்டிய பிறகு வண்டி ஓட்டமாட்டார்கள் என்று அவர் அறிவுரை சொன்னதாக ஒரு புளுகு. பாவம், அவர் மண்ணெண்ணெய் விற்று, விளக்கு விற்று முன்னுக்கு வந்தவர். மதுவைத் தொடாத மனிதர். இத்தாலிக்குப் போன இடத்தில் ஒயினை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் குடித்து, டைபாய்டு வந்து 1902இல் போய்ச் சேர்ந்தார். கம்பெனி மட்டும் நிலைத்தது. 1961இல் டி.வி.எஸ்.ஸோடு கூட்டுச் சேர்ந்து, சம்பந்தர் பாடிய திருவலிதாயம் கோயில் இருக்கும் பாடிக்கே வந்தது. பஸ் ஸ்டாப்புக்கும் லூகாஸ் என்றே பெயர். என்னைக் கேட்டால் பாதிப் பழி வண்டிக்காரர்களுக்குத்தான். லாரி ஹாரன் மாட்டுவது, ஒயரைப் பல்லால் கடித்து முறுக்கி டேப் சுற்றுவது, பியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவது. இப்படிச் செய்தால் அடுத்து உருகுவது பியூஸ் இல்லை, ஒயர்.

பெங்களூர் போகிற புல்லட்கள் எங்கள் பக்கத்து வேலப்பன்சாவடியிலேயே மூச்சை விட்ட காலத்தில் காட்சி எப்போதும் ஒன்றுதான். மெக்கானிக் குந்தி உட்கார்ந்து பாயின்ட் மூடியைக் கழற்றுவார். கட்டைவிரல் அகல உப்புத்தாளை உள்ளே விட்டு இரண்டு இழுப்பு. இடைவெளி சரியா என்று தீப்பெட்டி அட்டையைச் சொருகிப் பார்ப்பார். கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து ஓர் உதை. வண்டி கிளம்பிவிடும்.

"பெங்களூர் வரைக்கும் போகுமா தம்பி?"

"தாராளமா போகும்ணே. இருட்டறதுக்குள்ள போயிடுங்க."