குடத்துக்கு வந்த பங்காளிகள்

எங்கள் பக்கத்தில் புதையல் இல்லாத குடும்பம் கிடையாது. அதை எடுத்த குடும்பமும் கிடையாது. கிளியனூர் டீக்கடையில் ஒரு டீயைக் கொஞ்சம் நிதானமாகக் குடித்தால் போதும். எவர் வீட்டுத் திண்ணைக்கடியில் எத்தனை குடம், எதற்கு நல்லபாம்பு காவல், எதற்குப் பூதம் காவல் என்ற விவரமெல்லாம் வந்துவிடும். கடன்காரனிடம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு வருகிறவர்கூட, இந்தப் பேச்சு எழுந்ததும் ஒரு குடத்துக்குச் சொந்தக்காரராக நிமிர்ந்து உட்காருவார்.

எங்கள் குடம் கொல்லையில் இருக்கிறது. மோட்டார் கொட்டகைக்கும் பழைய களத்துக்கும் நடுவே எங்கள் கொள்ளுத்தாத்தா புதைத்தது. ஆதாரம் இதுதான்: ஊர் அடங்கிய பிறகு அவர் லாந்தரை எடுத்துக்கொண்டு தனியாகக் கொல்லைக்குப் போவார். மண்ணைத் தள்ளுகிற சத்தம் கேட்கும். வெகுநேரம் கழித்து மூடுகிற சத்தம் கேட்கும். பகலெல்லாம் ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், திரும்பி வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். சொத்து பத்திரமாக இருப்பதைப் பார்த்த சந்தோஷம் என்று தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் விளக்கம் சொல்லி வருகிறார்கள்.

நம்புவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சாலையோரம் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. இங்குள்ள அகத்தீசுவரர் கோயிலுக்குச் சம்பந்தர் பதிகம் உண்டு. வடக்கே திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், சிறுபாணாற்றுப்படை புகழும் நல்லியக்கோடனின் ஊர். தெற்கே அரிக்கமேடு, ரோமானியச் சரக்கு வந்து இறங்கிய இடம். இடையில் சோழர்கள், ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு தமிழ்நாட்டில் அதிசயமே இல்லை. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் துட்டு அடித்தார்கள், ஒரு பக்கம் அவர்கள் ராஜாவின் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழ் எழுத்தில் ‘புதுச்சேரி’. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பெருமுக்கல் உட்பட வழியிலிருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு புதுச்சேரிக்கு இறங்கினார். மறு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. இரண்டு வெள்ளைக்காரப் படைகள் வீட்டு வாசல் வழியாகப் போகும்போது, கையில் நாலு காசு வைத்திருக்கிற குடியானவன் வேறென்ன செய்வான்? குழிதான் வெட்டுவான். அப்படி முன்னோர் புதைத்ததைத்தான் கொள்ளுத்தாத்தா மறுபடி புதைத்துக் காவல் இருந்தார் என்பது எங்கள் சித்தப்பாவின் ஆராய்ச்சி முடிவு.

இந்த நிலைமையில்தான் மச்சான் மெஷினோடு வந்து இறங்கினான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஒரகடத்தில் வேலை. இங்கிலாந்துக்காரர்கள் வயலில் கம்பை ஆட்டிக்கொண்டே நடந்து தங்கக் காசு எடுக்கும் வீடியோக்களை ராத்திரி ஷிப்டில் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போனவன். அதில் அவனுக்கு மிகவும் பிடித்தது ஹாக்ஸ்ன் கதை. 1992 நவம்பரில் அந்த ஊர் விவசாயி ஒருவர் வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர் மெட்டல் டிடெக்டரோடு அதைத் தேடப் போனார். சுத்தியலுக்கு முன்னால் ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியுமாக ஏறக்குறைய 15,000 காசுகள் வந்தன. 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கொடுத்தார்கள். பின்னால் சுத்தியலும் கிடைத்தது. அதையும் பிரிட்டிஷ் மியூசியம் விடவில்லை, வாங்கி வைத்துக்கொண்டது.

“ஒரு சுத்தியலுக்கே இவ்வளவு மாமா. நம்மகிட்ட குடமே இருக்குது” என்றான்.

நான் எச்சரிக்கைக்காரன். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி திண்ணையில் படித்தேன். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி எல்லாம் சொல்லி, பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் ஜாமீன் கட்ட வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சட்டம் போட்ட காலத்தில் பத்து ரூபாய் என்றால் பத்துத் தோலா எடையுள்ள வெள்ளிக் காசுகள். இன்று அந்தப் பத்து ரூபாய்க்கு டீயும் வடையும் சேர்ந்து வராது. அதாவது ஒரு வடையின் விலைக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டர் ஆபீஸுக்கு நடக்க வேண்டும்.

இதுவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அடுத்த பிரிவைப் படித்ததுதான் வினை. புதையலுக்கு உரிமை கோரி யாரும் வரவில்லை, முன்கூட்டி ஒப்பந்தமும் இல்லை என்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு.

திண்ணை அமைதியானது. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பொண்ணு குடுத்த வீட்டுக்கு முக்கால் பங்கா? இது எந்த ஊரு நியாயம்? சீரு நாம வாங்கினமா, அவங்க வாங்கினாங்களா?”

கொல்லை இன்னும் பாகம் பிரிக்காதது. பட்டா கொள்ளுத்தாத்தா பெயரில்தான் இருக்கிறது. கால் பங்கை ஏழு பங்காளிகள் பிரித்தால் ஆளுக்கு இருபத்தெட்டில் ஒன்று. பெரியப்பா மகன் செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டியதும், பத்து வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பங்காளிகள் ஒரே வரியில் பேசினார்கள்: “மெஷினை நம்ம ஆளு புடிக்கட்டும்.”

கடைசியில் ஏற்பட்ட ஏற்பாடு இது. மெஷினை மச்சான் பிடிப்பான், ஏனென்றால் பட்டன்கள் அவனுக்குத்தான் தெரியும். ஹெட்போனைச் சித்தப்பா மாட்டிக்கொள்வார். ஒயர் நீளம் குறைவு என்பதால் இருவரும் தோளோடு தோள் உரசியபடி நடக்க வேண்டியிருந்தது. கடப்பாறை பெரியப்பா மகன் கையில். சத்தத்தைக் கேட்டவர் கண்டெடுத்தவரா, மண்ணைத் தோண்டியவர் கண்டெடுத்தவரா, மெஷினுக்குப் பணம் கொடுத்தவர் கண்டெடுத்தவரா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. திண்டிவனத்தில் வக்கீலாக இருக்கிற ஒரு தாயாதியிடம் போன் போட்டுக் கேட்டார்கள். அவர் பதில் சொல்வதற்கு முன்னால், குடத்தில் தனக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்பதை நினைவுபடுத்தினார். பங்காளிகள் எட்டானார்கள்.

மெஷின் செய்கிற காரியம் எளிது. தட்டுக்குள் சுருட்டியிருக்கிற கம்பியில், நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறுகிற மின்சாரம் ஓடும். அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் ஏதாவது இருந்தால் அதற்குள்ளும் சுழல் மின்னோட்டம் பிறந்து எதிர்ப்புலம் கிளம்பும். அதைத் தட்டு உணர்ந்து ‘பீப்’ என்னும். ஒற்றைக் காசு ஒரு சாணுக்குக் கீழே போய்விட்டால் இந்த மாதிரி மெஷின்களுக்குப் பெரும்பாலும் காது கேட்காது.

எங்கள் கொல்லையில் பிரச்சினை வேறு. அது கேட்டது போதாமல் இல்லை, கேட்டது அதிகம். வானூர் வட்டாரத்துச் செம்மண் சிவப்பாக இருப்பதே அதிலுள்ள இரும்பால்தான். செம்புறைக் கல் ஒன்று குறுக்கே வந்தாலும் மெஷின் அலறும். ‘பீப்’ என்றதும் சித்தப்பா கையைத் தூக்குவார், ஏழு பேரும் ஓடி வருவார்கள், கடப்பாறை இறங்கும், கல் வரும். கல்லைத் தட்டுக்கு முன்னால் காட்டினால் மறுபடியும் ‘பீப்’. “உள்ள தங்கம் இருக்குமோ?” என்று உடைத்தும் பார்த்தோம்.

இதற்காக மெஷினைக் குறை சொல்ல முடியாது. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, டெலிபோன் கண்டுபிடித்த அதே கிரகாம் பெல் இந்த மெஷினின் பாட்டன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். வைத்த இடமெல்லாம் சத்தம். கட்டில் மெத்தைக்குள் இருந்த கம்பிச்சுருள்கள் அதைக் குழப்பியதாகச் சொல்வார்கள். போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்ன டாக்டர் இடப்பக்கம் தேடவே விடவில்லை. எங்கள் சித்தப்பா மாதிரி ஒருவர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்.

கல் போக, நிஜ உலோகமும் வந்தது. மாட்டு லாடம், வண்டிக் கடையாணி, தேய்ந்த கொழு, முள்கம்பித் துண்டு, சைக்கிள் செயின், கொசுவத்தி ஸ்டாண்டு. இவை எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தவை பாட்டில் மூடிகள். புதுச்சேரி இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒரு கொல்லையில் கடந்த ஐம்பது வருஷ வரலாற்றை மூடிகளின் நிறத்தை வைத்தே எழுதிவிடலாம். பெரியப்பா மகன் சில மூடிகளை அடையாளம் கண்டு, பிறகு ஏனோ கண்டதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டான்.

தோண்டிய குழிகளில் பானை ஓடுகளும் வந்தன. கறுப்பும் சிவப்புமாகச் சில. ‘பீப்’ சொல்லாத பொருளுக்கு மரியாதை கிடையாது, வரப்போரம் வீசினார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, அந்த ஊரின் காலத்தை அவருக்குப் பிடித்துக் கொடுத்தவை இத்தாலியில் செய்த அரெட்டியப் பானையின் உடைந்த ஓடுகள்தாம். மச்சானின் மெஷினோடு வீலர் வந்திருந்தால் அவற்றின் மேலேயே நடந்து போயிருப்பார். நான் இதைச் சொன்னேன். “ஓட்டுல பங்கு யாருக்கு வேணும்? எல்லாம் நீயே வெச்சிக்க” என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். இப்போது ஒரு சாக்கு நிறைய வைத்திருக்கிறேன். பெரும்பாலும் எங்கள் ஆயா உடைத்த சோற்றுப் பானைகளாகத்தான் இருக்க வேண்டும்.

சேதி ஊருக்குள் போனது. முதலில் வந்தவர் பைக்கில் வந்த ஒரு புரோக்கர். கலசம் ஏதாவது கிடைத்ததா, அது அரிசியை இழுக்கிறதா என்று ரகசியமாக விசாரித்தார். இரிடியம் கலசத்துக்கு ஆசைப்பட்டு வீட்டை அடமானம் வைத்தவர்கள் கதை தினத்தாளில் வந்துகொண்டே இருக்கிறது, ஆனாலும் அரிசிக்கும் புரோக்கருக்கும் குறைவில்லை. அடுத்தவர் மை போட்டுப் பார்ப்பவர். வெற்றிலையில் பாதாள மை தடவினால் பூமிக்குள் இருப்பது சினிமா மாதிரி தெரியுமாம். பேட்டரி வேண்டாம், செம்மண் தொந்தரவு இல்லை. ஆனால் பூதத்தைச் சமாதானப்படுத்தத் தலைச்சன் பிள்ளை ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார். எட்டுப் பங்காளிகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு மூத்தவன் நான்தான். அந்தப் பார்வையில் இருந்த பாசம் எனக்குப் பிடிக்கவில்லை. மைக்காரரை நானே பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

திருவானைக்காவல் கதையை யாரோ எடுத்தார்கள். 2020 பிப்ரவரியில் அந்தக் கோயிலுக்குள் மண்ணைத் தோண்டியபோது, ஒரு செம்பில் 505 தங்கக் காசுகள், 1.716 கிலோ. “அவங்க மெஷினா வெச்சிருந்தாங்க? மண்வெட்டிதானே?” என்று சித்தப்பா கேட்டார். அதிலிருந்து மச்சானின் மதிப்பு சரிந்தது. முக்கால் பங்கு அரைப் பங்கானது, அரை கால் ஆனது.

அன்று சாயங்காலம் களத்து மூலையில் மெஷின் வேறு குரலில் கூப்பிட்டது. மண்ணோடு வந்தது ஒரு காசு. நிஜக் காசு. நடுவில் ஓட்டை. தேய்த்துப் பார்த்தால் 1944. உலகப்போரில் செம்புக்குப் பஞ்சம் வந்தபோது, செம்பை மிச்சம் பிடிக்க நடுவைக் குடைந்து வெளியிட்ட ஓட்டைக் காலணா. ரூபாய்க்கு அறுபத்து நாலு.

இது பத்து ரூபாய்க்கு மேல் போகுமா போகாதா என்ற சர்ச்சை ஆரம்பித்தது. போகாது என்றால் கலெக்டர் வேண்டாம். போகும் என்றால் கௌரவம். இணையத்தில் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரம் இருக்கிறது என்றான் பெரியப்பா மகன். அந்த மாதிரி மோசடிகளை நம்ப வேண்டாமென்று 2021-இல் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டதை நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஆயா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். தாத்தாவின் தங்கை, தொண்ணூறை நெருங்குகிறவள், கொள்ளுத்தாத்தாவின் மகள். காசை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

“இது என்னோடதுடா. அரைஞாண் கயித்துல கோத்துப் போட்டிருந்தேன். மல்லாட்டை புடுங்கறப்ப அறுந்து போச்சி. எங்கப்பன் இதுக்குத்தான் புளிய விளாறால அடிச்சாரு.” சுருக்குப் பையைத் திறந்து போட்டுக்கொண்டாள்.

நூறு ஆண்டுக்குள் மண்ணுக்குப் போன பொருளுக்கு உரிமைக்காரர் நேரில் வந்து நின்றால் சிவில் கோர்ட் வரை வழி உண்டு. ஆயா மேல் வழக்குப் போடுகிற தைரியம் எட்டுப் பேரில் ஒருவருக்கும் இல்லை.

சித்தப்பா மட்டும் விடவில்லை. “காசு போவட்டும் அத்தே. அந்தக் குடத்தை எங்க பொதைச்சாரு, அதைச் சொல்லு.”

“எந்தக் குடம்?”

“ராத்திரியில லாந்தர் வெச்சிக்கிட்டுப் போவாரே.”

ஆயா சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் ஆடியது. “அது ஊறல்டா! கவர்மெண்டுல கள்ளு சாராயக் கடை எல்லாத்தையும் மூடிட்டாங்க. இவருக்குப் பொழுது போவணும்ல? மண்ணுக்குள்ள பொதைச்சு வெச்சாரு. ராத்திரியானா தோண்டுவாரு, குடிப்பாரு, மூடுவாரு, பாடிக்கினே வருவாரு.”

1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துவிட்டது, ஆனால் புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. “அங்க கடை தொறந்துதானே இருந்திச்சி ஆயா?” என்று கேட்டேன்.

“இருந்திச்சி. காசு யாரு குடுப்பா?”

எல்லோரும் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். மச்சான் மெஷினைக் கழற்றிப் பையில் வைக்க ஆரம்பித்தான். ஆயா மட்டும் தனக்குள் ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். “ஒரு நாள் போலீசு வந்திச்சின்னு அப்பிடியே மூடினவருதான். அப்பறம் எந்த இடம்னு அவருக்கே தெரியல. எங்கம்மா சாவற வரைக்கும் அந்தத் தவலையைச் சொல்லிச் சொல்லி அழுதா.”

சித்தப்பா நின்றார். “தவலையா? மண்பானை இல்லியா?”

“மண்பானைன்னா மாடு மிதிச்சு உடைச்சிடும்னு செப்புத் தவலையை எடுத்துக்கினு போனாரு. இம்மாம் பெரிசு. ரெண்டு ஆளு தூக்கணும்.”

பெரியப்பா மகன் செல்போனை எடுத்துச் செம்பு கிலோ என்ன விலை என்று பார்த்தான். மச்சான் பையைத் திறந்து மெஷினை மறுபடியும் பூட்டினான். சித்தப்பா ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “மொதல்ல பங்கைப் பேசிக்குவோம்” என்றார்.

“என்னாத்தைப் பேசறது?” என்றாள் ஆயா. “அது எங்கம்மாவுக்குப் பொறந்த வீட்டுல குடுத்த சீருடா. சேதி தெரிஞ்சா ஒலக்கூருலேர்ந்து வேன் வெச்சிக்கினு வருவாங்க.”