பச்சை விளக்கின் பிறப்பு ஆராய்ச்சி

அலுவலகச் சுவர்த்திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள் வரிசையாக ஒளிர்வதைப் பலரும் கண்டிருப்பர். டேட்டாபேஸ் சொல்லும் விடையைக் கொண்டு நிறம் பூணும் வட்டங்கள் அவை. சிவப்பு ஏன் சிவந்தது என்று ஆராய்ந்தோர் ஏராளம். நள்ளிரவில் போன் போட்டு எழுப்பப்பட்டு ஆராய்ந்தவர்கள். பச்சை ஏன் பச்சையாக இருக்கிறது என்று ஆராய்ந்தோர் அரியர். அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை.

முதலில் மூலபாடம். டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் நிறம் பிறக்கும் சூத்திரத்துக்கு ‘கேஸ் வென்’ என்று பெயர். பிழைகள் 10க்கு மேல் என்றால் சிவப்பு, 5க்கு மேல் என்றால் மஞ்சள், ‘எல்ஸ்’, அதாவது இரண்டும் இல்லையேல், பச்சை. இதில் வரிசையே அதிகாரம். மேலிருந்து பார்த்து வந்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். மஞ்சள் வரியைச் சிவப்புக்கு மேலே தூக்கி வைத்தால் 500 பிழை வந்தாலும் மஞ்சள்தான். இரண்டு வரியை இடம் மாற்றி ஒரு துறையையே நிம்மதியாக வைத்திருக்கலாம் என்பது இதன் உட்கிடை.

அந்த எல்லை எண்கள் எங்கிருந்து வந்தன? இத்தகைய திரைகளை வரைந்து தரும் கிராஃபனா கருவியில் புதிதாக ஒரு பேனல் திறந்தால், அடித்தளம் பச்சை, 80 முதல் சிவப்பு என்று அதுவே வைத்துத் தருகிறது. எதில் 80 என்று கேட்பதில்லை. டிஸ்க் நிரம்பிய சதவீதம் என்றால் பொருத்தமே. அன்றைய ஆர்டர் எண்ணிக்கையை அதில் போட்டுவிட்டு எல்லையை மாற்ற மறந்தால், 79 வரை கடை நலம்; எண்பதாவது ஆர்டர் வந்ததும் அபாயம்.

நலத்துக்குப் பச்சைதான் வேண்டுமா என்பதும் சர்ச்சைக்குரியதே. மென்பொருள் கட்டும் ஜென்கின்ஸ் கருவி பல காலம் வெற்றிக்கு நீல உருண்டையையே காட்டிவந்தது. பொறுக்கமாட்டாதவர்கள் அதைப் பச்சையாக்கவென்றே தனி பிளக்இன் எழுதினர். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரிவரத் தெரியாது. வட்டத்துக்குள் ஓர் எழுத்தாவது போடுங்கள் என்று அவர்கள் சார்பில் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இனி ஆய்வின் கரு. சர்வர் செத்துப்போகிறது. செத்த சர்வர் பிழைப்பதிவு எழுதாது. பதிவே இல்லாத இடத்தில், எண்ணிச் சொல்லும் ‘கவுண்ட்’ பூஜ்யம் தரும். கூட்டிச் சொல்லும் ‘சம்’, நல் என்னும் வெற்று மதிப்பைத் தரும். நல், 10ஐவிடப் பெரிதா என்று கேட்டால் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, ‘அறியேன்’ என்னும். ஆம் என்று வராத எதையும் கேஸ் வென் கீழே தள்ளும். மஞ்சள் வரியும் அப்படியே தள்ளும். கீழே எல்ஸ்; எல்ஸில் பச்சை. பூஜ்யம் போய்ச் சேரும் இடமும் அதுவே. பிணத்துக்குக் காய்ச்சல் இல்லை என்று சான்றிதழ் எழுதியது போலாயிற்று. எந்தக் கேள்விக்கும் சிக்காததன் நிறமே இங்கே பச்சை என்க.

அற்றேல் மருந்து யாதோ எனின்: ‘இருக்கிறேன்’ என்று சர்வர் நிமிடந்தோறும் ஒரு பதிவு எழுதட்டும். அது 5 நிமிடமாக வரவில்லை என்றாலோ, விடை நல் என்றாலோ, நிறம் சாம்பல். இவ்விரு நிபந்தனைகளும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கவேண்டும். பத்து நிமிட வேலை. ஆயினும் மேலாளர்கள் சாம்பலை விரும்புவதில்லை. சிவப்புக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு, மஞ்சளுக்கு ஒரு மீட்டிங் உண்டு. ‘தெரியவில்லை’ என்பதற்கு மாத அறிக்கையில் கட்டமே கிடையாது.

குவெரி எழுதும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாளை அலுவலகம் போனதும் எல்ஸுக்கு அடுத்து என்ன நிறம் இருக்கிறதென்று பாருங்கள். பச்சை என்றிருந்தால், பச்சைக்கும் தனியாக ஒரு ‘வென்’ எழுதிவிட்டு, எல்ஸைச் சாம்பலுக்குக் கொடுத்துவிடுங்கள்.