கல்லீரலை நாடும் துகள்கள்

கேள்வி: நானோ துகளில் மருந்தை ஏற்றி இரத்தத்தில் செலுத்தினால், அது கல்லீரல் புற்றுநோயைத் தானே தேடிச் சென்று அழித்துவிடும் என்கிறார்களே, மெய்தானா?

பதில்: கல்லீரலுக்குப் போகும் என்பது மெய், போக வேண்டாம் என்றாலும் போகும்! மயிரிழையின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கேயான அத்துகள்கள் இரத்தத்தில் கலந்த மாத்திரத்தில், குப்ஃபர் என்னும் ஜெர்மானியப் பண்டிதரின் நாமத்தையே தரித்து நிற்கும் கல்லீரல் அணுக்கள், சுங்கச்சாவடிச் சேவகரைப் போல மறித்து, அவற்றில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே கல்லீரலை அடைவது சுலபம். அதனுள் குடியிருக்கும் கட்டியை அடைவதே பிரயாசை. பலவகைக் கட்டிகளைப் பற்றிய பத்தாண்டு ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்த டொரான்டோ விஞ்ஞானிகள், செலுத்திய துகள்களில் நூற்றுக்கு 0.7 பங்கே கட்டியைச் சேர்ந்ததாக 2016-இல் கணக்கிட்டனர், அதுவும் பிராணிகளிடத்தே. சூடு பட்டால் டாக்ஸோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தைக் கொட்டும் கொழுப்புக் குமிழியொன்றை, கட்டியைச் சுட்டழிக்கும் சிகிச்சையோடு சேர்த்து, கல்லீரல் புற்றுநோயாளரிடம் விஸ்தாரமாகப் பரீட்சித்தும், 2013-இல் வெளியான முடிவு ஏமாற்றமே. துகள்களின் இந்தக் கல்லீரல் மோகத்தைச் சாமர்த்தியமாய் உபயோகித்து, 2018-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்தோ, பரம்பரையாக வரும் ஒரு நரம்பு வியாதிக்கானது, புற்றுநோய்க்கு அன்று.