நாற்பதாவது ஆசாமி

1950களில் அமெரிக்கர்கள் போலியோ தடுப்பூசி செய்ய உட்கார்ந்தால் முதலில் தேடியது குரங்கை. வட இந்தியாவில் சிவனே என்று மாம்பழம் திருடிக்கொண்டிருந்த ரீசஸ் குரங்குகளைப் பிடித்துக் கூண்டில் திணித்து விமானம் ஏற்றினார்கள். டிக்கெட் எடுக்காமல் உடம்புக்குள் உட்கார்ந்து வந்தவர்களை யாரும் விசாரிக்கவில்லை.

குரங்கின் சிறுநீரகச் செல்களில் போலியோ வைரஸை வளர்த்தார்கள். கூடவே குரங்கு வைரஸ்கள் என்ற அழையா விருந்தாளிகளும் வளர்ந்தார்கள். ராபர்ட் ஹல் என்ற விஞ்ஞானி அவர்களுக்கு வரிசையாக எண் போட ஆரம்பித்தார். பட்டியல் 39 வரை நீண்ட பிறகும், ‘இந்தக் குரங்கு நமக்குச் சரிப்படாது’ என்று தடுப்பூசிக்காரர்கள் எழுந்திருக்கவில்லை.

சோதித்த லட்சணம் இன்னும் அழகு. ரீசஸ் செல்லில் வளர்த்தது சுத்தமா என்று தெரிந்துகொள்ள ரீசஸ் செல்லிலேயே விட்டுப் பார்த்தார்கள். திருடனைப் பற்றி அவன் அம்மாவிடமே விசாரித்தால் என்ன சொல்வாள்? அந்தச் செல்களுக்குள் ஒருவர் சத்தமே காட்டாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

மெர்க் கம்பெனியின் மாரிஸ் ஹில்மேன் ஒரு காரியம் செய்தார். சக மேதைகளை விட்டுவிட்டு, வாஷிங்டன் மிருகக்காட்சிசாலை இயக்குநரிடம் போய் யோசனை கேட்டார். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கை வாங்கு, மற்ற குரங்குகளோடு ஒட்டாமல் மாட்ரிட் வழியாகக் கொண்டுவா என்றார் அவர். 1960இல் ஹில்மேனும் பென் ஸ்வீட்டும் ரீசஸ் சரக்கைப் பச்சைக் குரங்கின் செல்லில் விட்டதும், செல்கள் குமிழ் குமிழாகப் பொங்கிச் செத்தன. சிக்கினார் நாற்பதாவது ஆசாமி: எஸ்வி40. போலியோவைக் கொன்ற ஃபார்மலினிலேயே குளித்துவிட்டு வந்தவர்!

அதற்கு முன்பே அரசு ஆய்வகத்தில் பெர்னிஸ் எடி, ரீசஸ் சிறுநீரகச் சாற்றை ஹாம்ஸ்டர் குட்டிகளுக்கு ஏற்றிப் பார்த்திருந்தார். கட்டிகள் வந்தன. அதை அவர் வெளியே ஒரு கூட்டத்தில் சொன்னதுதான் மேலதிகாரிக்குப் பொறுக்கவில்லை. கட்டிக்கு வைத்தியம் தெரியாவிட்டாலும் வாய்க்குத் தெரியுமே. எடியின் ஆய்வகம் பறிபோனது.

1961இல் உத்தரவு வந்தது: இனிச் செய்யும் தடுப்பூசியில் எஸ்வி40 கூடாது. செய்து வைத்ததை என்ன செய்வது? அது பாட்டுக்கு 1963 வரை ஓடியது. போட்டுக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகப் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம்.

பச்சைக் குரங்குக்கு மவுசு ஏறியது. 1967இல் உகாண்டாவிலிருந்து ஐரோப்பிய ஆய்வகங்களுக்குப் போன பச்சைக் குரங்குகளால் மார்பர்க், ஃபிராங்ஃபர்ட், பெல்கிரேடு நகரங்களில் 31 பேர் காய்ச்சலில் விழுந்தார்கள்; 7 பேர் இறந்தார்கள். அந்தக் காய்ச்சலைத் தந்த வைரஸ் யாருடைய பட்டியலிலும் இல்லை.